நாசித்தொண்டையில் கண்ட சுரப்பி: கடலூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் கடலூர் முதுநகரில் வசிக்கும் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை. என் கணவருக்கு 2018-இல் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் 35 தவணைகள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் திரும்பவில்லை. ஆனால் வாய் வறண்டே கிடக்கிறது. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டும், இரவில் பல முறை எழுந்து குடிக்கிறார். இதுவரை தெரியாதிருந்த உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றை நெதர்லாந்தில் கண்டுபிடித்ததாகவும், கதிர்வீச்சு அதைக் கெடுப்பதாகவும் படித்தேன். மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் என்று ஆண்டுக்கணக்கில் கற்பித்தவள் நான். இத்தனை நூற்றாண்டுகள் அறுத்துப் பார்த்த உடலில் ஓர் உறுப்பு தெரியாமல் இருக்க முடியுமா? தெரியாமல்தான் என் கணவரின் சுரப்பியைச் சுட்டுவிட்டார்களா? மகன் வழக்குப் போடலாம் என்கிறான். அந்தச் சுரப்பியை உயிர்ப்பிக்க ஸ்டெம் செல் ஊசி இருப்பதாக ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். நாங்கள் இருவரும் உடல் தானம் செய்ய எண்ணியிருந்தோம். முழுவதும் அறியப்பட்ட உடலில் இனி என்ன கற்பார்கள் என்ற தயக்கம் இருந்தது, இப்போது அதுவும் குழம்பிவிட்டது. அடுத்த வாரம் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அதற்கு ஏதேனும் எச்சரிக்கை உண்டா?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் கேட்டிருக்கும் பல்லைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, அதற்கு இல்லை. உங்கள் கணவரின் கதிர்வீச்சுப் பதிவுகளை மருத்துவர் பார்த்து முடிவு சொல்லும்வரை அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டாம். நாக்கின் அடிப்பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது கீழ்த்தாடை எலும்பின் பின்பகுதியும் கணிசமான அளவைப் பெற்றுவிடுகிறது. அந்த எலும்புக்குள் ஓடும் சிறு இரத்தக் குழாய்கள் அதனால் குறுகிப்போகின்றன. பல்லைப் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிவதும், அந்த எலும்பு செத்துப்போவதும், சிலருக்குத் தாடையே முறிவதும் இதனால்தான். ஆண்டுகள் பல கடந்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம், அது வாழ்நாள் முழுவதும் தொடர்வது. எந்தப் பல், அந்த இடத்துத் தாடை எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெற்றது என்பதைச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்கி, பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல இடங்களில் பிடுங்குவதற்குப் பதிலாக வேர் சிகிச்சை செய்து பல்லை அப்படியே விட்டுவிட முடியும். பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இத்தகைய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய வாய்–தாடை அறுவை மருத்துவர் ஒருவர் அதைச் செய்யட்டும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன். அது உண்மைச் செய்திதான். ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மத்தைஸ் வால்ஸ்டாரும், கதிர்வீச்சு மருத்துவர் வௌட்டர் ஃபோகலும், அவர்களுடைய குழுவினரும் 2020-இல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் தேடிப் போனது சுரப்பியை அல்ல. புராஸ்டேட் புற்றுநோய் உடலில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று காண்பதற்காக, பி.எஸ்.எம்.ஏ என்னும் புரதத்தில் சென்று ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்து ஒன்றைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. அந்த மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சேரும் என்பது முன்பே தெரியும். காதின் முன்னுள்ள பரோட்டிட், கீழ்த்தாடை, நாவடி ஆகிய மூன்று ஜோடிச் சுரப்பிகள் ஒளிர்வதை எதிர்பார்த்தே படத்தைப் பார்ப்போம். மூக்கின் பின்புறம், மண்டையோட்டின் அடித்தளத்துக்குக் கீழே, தொண்டை தொடங்கும் உச்சியில் இருபுறமும் இரண்டு பட்டைகள் அதேபோல் ஒளிர்வதை அவர்கள் கவனித்தார்கள். தொடர்ச்சியாக 100 நோயாளிகளின் ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தபோது எல்லோரிடமும் அது இருந்தது. சராசரி நீளம் 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிறகு தானமாகக் கிடைத்த இரண்டு உடல்களில் அந்த இடத்தை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அங்கே சளி சுரக்கும் சுரப்பித் திசு நிறைந்திருப்பதையும், அது தொண்டைக்குள் திறக்கும் நாளங்களையும் காட்டினார்கள். காதையும் தொண்டையையும் இணைக்கும் ஊஸ்டேகியன் குழாயின் வாயில் குருத்தெலும்பு ஒன்று புடைத்து நிற்கும். சுரப்பி அதன்மேல் படிந்திருப்பதால் டியூபேரியல் சுரப்பி என்று பெயரிட்டார்கள். நாசித்தொண்டையையும் அதன் கீழ்ப்பகுதியையும் ஈரமாக வைத்திருப்பது அதன் வேலையாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

நீங்கள் கற்பித்தது தவறன்று. பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி என்பது இன்றும் அப்படியே நிற்கிறது. அவற்றைத் தவிர, உதடு, கன்னம், அண்ணம், தொண்டை எங்கும் ஏறத்தாழ ஆயிரம் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிதறிக் கிடப்பதும் நெடுங்காலமாகத் தெரிந்ததே. டச்சு மருத்துவர்கள் கண்டதைத் தனி உறுப்பாகக் கொள்வதா, இந்தச் சிறு சுரப்பிகள் ஓரிடத்தில் அடர்ந்து நிற்பதாகக் கொள்வதா என்று உடற்கூற்றியலாளர்கள் வாதிட்டார்கள். ஆய்வுக்கு உட்பட்ட 100 பேரில் 99 பேர் ஆண்கள் என்பதும், அறுத்துப் பார்த்த உடல்கள் இரண்டே என்பதும் நியாயமான ஆட்சேபங்கள். என்னைப் போன்ற கதிர்வீச்சு மருத்துவருக்கு அந்த வாதத்தின் முடிவைவிட அதே கட்டுரையின் இன்னொரு பகுதிதான் முக்கியம். தலையிலும் கழுத்திலும் கதிர்வீச்சு பெற்ற 723 நோயாளிகளின் பழைய பதிவுகளை எடுத்து, இந்த இடம் பெற்ற கதிர்வீச்சின் அளவு கூடக் கூட வாய் வறட்சியும் விழுங்குவதில் சிரமமும் கூடியிருப்பதை அவர்கள் காட்டினார்கள். இதிலும் எச்சரிக்கை தேவை. அந்த இடத்துக்கு அதிகக் கதிர் போகும்போது பக்கத்திலுள்ள விழுங்கு தசைகளும் பரோட்டிட் சுரப்பியும் அதிகக் கதிர் பெறுகின்றன. எந்தத் துன்பம் எதனால் வந்தது என்று பின்னோக்கிப் பார்த்துப் பிரித்தறிவது எளிதன்று.

இத்தனை காலம் அது எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது என்று கேட்கிறீர்கள். அந்த இடம் நாசித்தொண்டையின் பக்கச் சுவர். விரல் எட்டாத, அல்ட்ராசவுண்ட் நுழையாத மூலை அது. உடற்கூற்று வகுப்பில் தலையை நடுவே இரண்டாகப் பிளந்து மாணவர்களுக்குக் காட்டும்போது, ஊஸ்டேகியன் குழாயின் வாயைக் காட்டிவிட்டு, மேலுள்ள சவ்வை உரித்து அடியிலுள்ள தசைகளுக்குப் போய்விடுவார்கள். உரித்தெறிந்த சவ்வோடு சுரப்பியும் போய்விடும். பரோட்டிட் சுரப்பியைப் போல உறை போர்த்திய, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கட்டியாக அது இல்லை; சவ்வின் அடியில் தட்டையாகப் படர்ந்திருக்கிறது. சாதாரண சி.டி. ஸ்கேனிலும் அது சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரிந்து தெரிவதில்லை. சுரப்பித் திசுவை மட்டும் ஒளிரச் செய்யும் ஒரு மருந்து வந்த பிறகுதான் அது தன்னைக் காட்டிக்கொண்டது.

உடற்கூற்றியலின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பார்க்கும் முறை மாறும்போது, அதுவரை கண் முன்னாலேயே இருந்த ஒன்று தெரியவருகிறது. ஆனால் தெரியவந்த எல்லாவற்றுக்கும் மருத்துவத்தில் ஒரே மதிப்பு இல்லை. உங்கள் கணவரின் நிலையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அவசியம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னை இன்றும் வருத்தும் எடுத்துக்காட்டு பாராதைராய்டு சுரப்பி. கழுத்தில் தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றும் சில பத்து மில்லிகிராம் எடையே கொண்ட நான்கு சிறு சுரப்பிகள் அவை. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்த ரிச்சர்ட் ஓவன் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை விலங்கில் கண்டு எழுதினார். மனிதரில் இதை முறையாக விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் இருந்த ஈவார் சாண்ட்ஸ்டிரோம், ஆண்டு 1880. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் பெரிய அறுவை மருத்துவர்கள் கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுவதும் அகற்றிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் பில்ரோத்தின் நோயாளிகள் சிலருக்கு அறுவைக்குப் பின் கை கால் இழுத்துக்கொண்டு கடும் தசை இறுக்கம் வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. விடை அச்சில் இருந்தது, ஆனால் சுவீடிய மொழியில் வெளியான அந்தக் கட்டுரையைப் பெரும்பாலோர் பார்க்கவில்லை. சாண்ட்ஸ்டிரோம் 1889-இல் இறந்துபோனார். பிரெஞ்சு அறிஞர் யூஜீன் கிளே 1891-இல் அந்தச் சுரப்பிகளையும் அந்த இழுப்பையும் இணைத்துக் காட்டினார். இரத்தத்தில் கால்சியம் குறைவதே காரணம் என்பது 1909-இல்தான் தெளிவாயிற்று. இன்று தைராய்டு அறுவை செய்யும் எந்த மருத்துவரும் அந்தச் சுரப்பிகளைத் தேடிக் கண்டு காப்பாற்றாமல் கத்தியை நகர்த்துவதில்லை; அறுவை முடிந்ததும் கால்சியத்தைச் சோதிக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதுமில்லை. ஓர் உடற்கூற்றுக் கண்டுபிடிப்பு மருத்துவத்தில் எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நம் ஊருக்கு நெருக்கமான இன்னொன்று கண்ணில் நடந்தது. கருவிழி என்று நாம் சொல்லும் ஒளி ஊடுருவும் முன்படலத்துக்கு ஐந்து அடுக்குகள் என்பது பாடநூல் கணக்கு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும், இந்தியாவில் பிறந்த ஹர்மிந்தர் துவா, தானமாகப் பெற்ற கண்களின் கருவிழிக்குள் காற்றைச் செலுத்தி அடுக்குகளைப் பிரித்தபோது, பின்புறத்தில் காற்றும் நுழையாத உறுதியான மெல்லிய அடுக்கு ஒன்று தனியே நிற்பதைக் கண்டு 2013-இல் வெளியிட்டார். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அது தனி அடுக்கா, முன்பே தெரிந்த நடு அடுக்கின் கடைசி விளிம்பா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டே சென்னையைச் சேர்ந்த கண் மருத்துவர் அமர் அகர்வால், துவாவுடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து, அந்த அடுக்கையும் அதன் பின்னுள்ள மென்படலத்தையும் ஒன்றாக எடுத்துப் பொருத்தும் கருவிழி மாற்று முறையை வெளியிட்டார். முந்தைய முறையில் மெல்லிய படலம் சுருண்டு கிழிந்துவிடும் என்பதால் இளவயதினரின் கண்களை எடுக்கத் தயங்கினார்கள். இந்த அடுக்கு தரும் உறுதியால், சிறு குழந்தைகளின் கண்கள்கூடப் பயன்படத் தொடங்கின. வாதம் முடியும் முன்பே சிலருக்குப் பார்வை கிடைத்துவிட்டது.

மூளையுறையில் ஓடும் நிணநீர்க் குழாய்களின் கதை இதற்கு மாறானது. இத்தாலியின் பாவுலோ மஸ்கானி 1787-இலேயே அவற்றை விவரித்திருந்தார்; மூளைக்கு நிணநீர்க் குழாய்களே இல்லை என்ற நம்பிக்கை வலுப்பெற்றதால் அவர் எழுதியது மறக்கப்பட்டது. 2015-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அன்டுவான் லூவோவும் ஜோனதன் கிப்னிஸும் எலியின் மூளையுறையை மண்டையோட்டோடு ஒட்டியிருக்கும் நிலையிலேயே பதப்படுத்தி, பிறகு கிழியாமல் எடுத்துப் பரப்பிப் பார்த்தபோது குழாய்கள் தெரிந்தன. அதே ஆண்டில் பின்லாந்தில் காரி அலிட்டலோவின் குழுவும் அவற்றைக் கண்டது. 2017-இல் மனிதரில் எம்.ஆர்.ஐ. மூலம் அவை காட்டப்பட்டன. மறதி நோயிலும் மூளை அழற்சியிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதை நம்பி இன்று ஒரு நோயாளிக்கு எழுதிக் கொடுக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை.

குடலைத் தாங்கும் நடுமடிப்பை ஓர் உறுப்பு என்று அயர்லாந்தின் கால்வின் கோஃபி 2016-இல் எழுதியபோது உலகமெங்கும் செய்தியாயிற்று. அது துண்டு துண்டானது அல்ல, தொடர்ச்சியான ஒரே அமைப்பு என்று அவர் காட்டியது மதிப்புக்குரியதே. ஆனால் அந்த மடிப்பைச் சிதைக்காமல் முழுவதுமாக எடுத்தால் மலக்குடல் புற்றுநோய் திரும்புவது குறைகிறது என்று பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982-லேயே எழுதிவிட்டார். அறுவை அரங்கில் பெரிய மாற்றம் அப்போதே வந்துவிட்டது. செய்தித்தாளில் வரும் ஓசையை வைத்து மருத்துவ மதிப்பை அளக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

டியூபேரியல் சுரப்பி இவற்றுள் எங்கே நிற்கிறது? பாராதைராய்டு போலச் சிகிச்சையின் இலக்கணத்தையே மாற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. திட்டமிடும்போது கணினித் திரையில் அதையும் வரைந்து, அதற்குப் போகும் கதிரைக் குறைக்க முடியுமா என்று பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கட்டிக்குப் போக வேண்டிய கதிர் குறையாது என்று உறுதியாகத் தெரிந்தால் நானும் அப்படிச் செய்கிறேன். ஆனால் அதைக் காப்பது எல்லா இடங்களிலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதியாக இன்னும் ஆகவில்லை. நோயைக் கொல்வதில் சமரசம் செய்து ஒரு சுரப்பியைக் காப்பதை எந்த மருத்துவரும் ஏற்க மாட்டார்.

உங்கள் கணவருக்கு 35 தவணைகள் என்றால் பெரும்பாலும் தவணைக்கு 2 கிரே வீதம் மொத்தம் 70 கிரே கொடுத்திருப்பார்கள். நம் பக்கத்தில் ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் இந்தச் சிகிச்சையில், கட்டி நாக்கின் அடியில் இருக்கும்போது கழுத்தின் இருபுற நிணநீர் முடிச்சுகளுக்கும் கதிர் போக வேண்டும். கீழ்த்தாடைச் சுரப்பிகள் அந்தப் பாதையிலேயே இருக்கின்றன. உண்ணாத நேரத்தில் வாயை நனைக்கும் உமிழ்நீரில் மூன்றில் இரண்டு பங்கு அளவு கீழ்த்தாடைச் சுரப்பிகளே தருகின்றன; மெல்லும்போது பெருகி வருவது பெரும்பாலும் பரோட்டிட்டின் நீர். இரவில் வறட்சியால் எழுகிறார் என்பது முதலாவதின் இழப்பையும், ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டியிருப்பது இரண்டாவதின் இழப்பையும் எனக்குச் சொல்கின்றன. நாசித்தொண்டைச் சுரப்பிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அவருடைய துன்பத்தின் பெரும்பகுதியை, நீங்கள் வகுப்பில் கற்பித்த அந்த மூன்று ஜோடிகளே விளக்கிவிடுகின்றன.

சிகிச்சைக் குறிப்பில் ஐ.எம்.ஆர்.டி. என்று இருக்கிறதா என்று பாருங்கள். கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிப் பரோட்டிட்டை விலக்கிச் செல்லும் முறை அது. 2011-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குப் பின்னும் தொல்லை தரும் வறட்சி இருந்தது. இம்முறையில் அது 38 சதவீதமாகக் குறைந்தது. பரோட்டிட் பெறும் சராசரி அளவு 25 கிரே அளவைத் தாண்டாவிட்டால் அது ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு மீள்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் தானாக மீள்வதை அதிகம் எதிர்பார்க்க முடியாது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மிச்சமுள்ள சுரப்பித் திசுவைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது; ஆஸ்துமா, கண் நீர் அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் எடுக்கக் கூடாது. படுக்கும் முன் செயற்கை உமிழ்நீர் ஜெல்லை வாயில் தடவிக்கொண்டால் இரவில் எழுவது குறையும். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவும் கலந்து பகலில் பல முறை கொப்பளிக்கலாம். உமிழ்நீர் ஊறட்டும் என்று எலுமிச்சையையோ புளிப்பு மிட்டாயையோ சப்பச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உமிழ்நீரின் காப்பு இல்லாத பல்லை அமிலம் அரித்துவிடும், ஆகவே வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். ஃபுளோரைடு கூடுதலாக உள்ள பற்பசையை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பற்களைக் காட்டுங்கள். நாக்கில் வெள்ளைப் படலமோ எரிச்சலோ இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், எளிதில் குணமாகும். ரசம் ஊற்றிக் குழைத்த சோறு, மோர், கஞ்சி ஆகியவை இறங்கும். கருவாடு, முறுக்கு, காரமான ஊறுகாய் ஆகியவற்றை ஒதுக்குங்கள். வெற்றிலை பாக்கும் புகையிலையும் அவருக்கு இனி ஒருபோதும் இல்லை. விழுங்கும்போது புரை ஏறுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் விழுங்கும் பயிற்சி அளிக்கும் நிபுணரைப் பார்க்க வேண்டும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு மெல்ல மெல்லக் குன்றுவது மிகப் பொதுவானது என்பதால், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு முறை டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சோர்வு, மலச்சிக்கல், உடல் கனத்தல் இருந்தால் உடனே செய்யுங்கள்.

ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கொடுக்காதீர்கள். கதிர்வீச்சால் வறண்ட சுரப்பிகளுக்கு அத்தகைய உயிரணுக்களைச் செலுத்திப் பார்க்கும் முயற்சிகள் வெளிநாடுகளில் ஆய்வு நிலையில் நடக்கின்றன. அனுமதிக்கப்பட்ட சில இரத்த நோய்ச் சிகிச்சைகளுக்கு வெளியே, பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வாக அல்லாமல் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் அனுமதிக்கவில்லை. ஆய்வில் சேரும் நோயாளியிடம் அந்த ஊசிக்குப் பணம் கேட்க மாட்டார்கள். கேட்பவர் ஆய்வு நடத்தவில்லை. புதிய கண்டுபிடிப்பு ஒன்று செய்தியில் வந்ததுமே அதன் பெயரைச் சொல்லி நோயாளியின் ஆற்றாமையை விலைபேசும் இவர்களைப் பற்றி எண்ணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

வழக்கைப் பற்றி உங்கள் மகனிடம் நான் சொல்லக்கூடியது இது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மருத்துவரின் கவனம் போதுமானதா என்பதைச் சிகிச்சை நடந்த நாளில் இருந்த அறிவைக் கொண்டே அளக்க வேண்டும், விசாரணை நடக்கும் நாளின் அறிவைக் கொண்டு அல்ல. 2018-இல் உலகின் எந்த மருத்துவமனையின் திட்டத்திலும் டியூபேரியல் சுரப்பி வரையப்பட்டிருக்கவில்லை. அதைக் காக்காதது அலட்சியம் ஆகாது. ஆனால் சிகிச்சைக்கு முன் வாய் வறட்சியைப் பற்றியும் பல்லைப் பற்றியும் உங்களுக்கு விளக்கினார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கதிர்வீச்சுத் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு. அது பல்லுக்கும் உடனடியாகத் தேவைப்படுகிறது.

இறுதியாக உடல் தானம். நான் மேலே சொன்னவற்றுள் நாசித்தொண்டைச் சுரப்பி உறுதிப்பட்டது தானம் செய்யப்பட்ட உடல்களால். கருவிழியின் அடுக்கு தெரிந்தது தானம் செய்யப்பட்ட கண்களால். 2013-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் முழங்காலின் முன்பக்கவாட்டுத் தசைநாரை முறையாக விவரித்தவர்கள், பிரான்சின் போல் செகோன் 1879-லேயே எழுதியிருந்த குறிப்பைப் பின்தொடர்ந்து, தானமாகக் கிடைத்த 41 முழங்கால்களை அறுத்து 40-இல் அதைக் கண்டார்கள். அந்த 41-ஆவது முழங்கால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புத்தகத்தில் உள்ள படம் பலரின் பொதுவான வடிவம்; ஒவ்வொரு உடலும் எங்காவது அதிலிருந்து விலகுகிறது. பாராதைராய்டுகூடச் சிலருக்கு நான்குக்கு மேல் இருக்கும், சிலருக்கு நெஞ்சுக்குள் இறங்கியிருக்கும். அந்த விலகலைக் கண்ணால் கண்டு கையால் தொட்டுப் பழகாத மாணவர், நாளை உங்கள் பேரப் பிள்ளையின் கழுத்தில் கத்தி வைக்கும்போது திகைத்து நிற்பார். கதிர்வீச்சு பெற்ற கழுத்து எப்படி இறுகிப்போயிருக்கும் என்பதை எந்தப் படமும் காட்டாது. உங்கள் கணவரின் உடல் அதைக் காட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மரோ, உங்கள் மாவட்டத்திலேயே அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியோ, இரண்டில் ஒன்றின் உடற்கூற்றியல் துறையில் விண்ணப்பப் படிவம் பெற்று, சாட்சிகளின் கையொப்பத்தோடு பதிவு செய்யலாம். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் போன்ற தொற்று உள்ள உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. குணமான புற்றுநோயைப் பற்றி அந்தத் துறையிலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்களையும் தனியே தானம் செய்யலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் கண் வங்கியின் எண் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் கணவருக்கு வந்தது போன்ற புற்றுநோய் அதற்குப் பொதுவாகத் தடையன்று, வங்கியின் மருத்துவரே பார்த்து முடிவு சொல்வார். நீங்கள் இருவரும் கையொப்பமிட்டாலும், அந்த நாளில் உடலை ஒப்படைக்க வேண்டியவர் உங்கள் மகன்தான். அவர் மறுத்தால் எந்தக் கல்லூரியும் வற்புறுத்தி வாங்காது. ஆகவே படிவத்தை நிரப்பும்போது அவரையும் அருகில் வைத்துக்கொண்டு, சாட்சிக் கையொப்பத்தில் ஒன்று அவருடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.